பிரதசாரி: பெஹாலாவின் தென்கோடியில் ஒரு நோன்பு இயக்கம்

கொல்கத்தாவின் பெஹாலா வழியாகத் தெற்கே போகும் டயமண்ட் ஹார்பர் சாலை, பரிஷாவையும் தாக்கூர்புகூரையும் தாண்டியதும் ஜோகாவை அடைகிறது. அங்கே சாலையோரம் இருக்கும் பிரதசாரிகிராம், 1930களில் வங்காளக் கிராமங்களிலும் பள்ளிகளிலும் பரவிய பிரதசாரி இயக்கத்துக்காக வாங்கப்பட்ட நிலத்தில் உருவானது. நோன்பு ஏற்று அதன்படி நடப்பவரே பிரதசாரி. ஆட்டம், பாட்டு, மண்வெட்டி வேலை மூன்றையும் ஒரே பயிற்சியாகக் கொடுத்த இயக்கம் இது. இதைத் தொடங்கியவர் சாமியாரும் அல்லர், கட்சித் தலைவரும் அல்லர். பிரிட்டிஷ் ஆட்சியின் ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவர். இயக்கத்தின் வலுவும் வரம்பும் இந்த முரணிலிருந்தே வந்தன.

வங்காளிக்கு உடல் வலு இல்லை என்ற பேச்சு காலனி ஆட்சியோடு வளர்ந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றி 1841இல் மெக்காலே எழுதிய கட்டுரை அதற்கு அச்சு வடிவம் தந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, போர்க்குணம் உள்ள இனங்கள் இவை, இல்லாதவை இவை என்று பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் பிரித்தபோது வங்காளி இரண்டாவது பட்டியலில் விழுந்தார். பட்டாள வேலை போனது மட்டுமல்ல, படித்த வங்காளியே அந்தப் பேச்சை நம்பத் தொடங்கினார். 1867இல் தொடங்கிய இந்து மேளா என்ற தேசியத் திருவிழாவில் உடற்பயிற்சிக்கு இடம் கொடுக்கப்பட்டதும், 1900களின் தொடக்கத்தில் சரளா தேவி சௌதுராணி இளைஞர்களுக்குக் கம்பும் வாளும் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்ததும் இதற்கு எழுந்த மறுமொழிகள். 1902இல் பிறந்த புரட்சி அமைப்பான அனுசீலன் சமிதியும் உடற்பயிற்சிக் கூடமாகவே தொடங்கியது. பின்னர் அதிலிருந்து குண்டும் துப்பாக்கியும் வந்தன. 1909இல் தடையும் வந்தது. அதன்பின் வங்காளத்தில் நான்கு பையன்கள் கூடிக் கம்பு சுழற்றினால் ஐந்தாவதாக ஒரு போலீஸ் உளவாளி நிற்பது வழக்கமாகிவிட்டது.

பிரதசாரியைத் தொடங்கிய அதிகாரியான குருசதய் தத் 1882இல் சில்ஹெட் மாவட்டத்தின் பீரஸ்ரீ கிராமத்தில் பிறந்தவர், 1905இல் ஐ.சி.எஸ். பணியில் சேர்ந்தார். அவர் வாழ்வைத் திருப்பியவர் மனைவி சரோஜ நளினி. கணவர் வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் பெண்கள் வெளியே வந்து கூடுவதற்கு மகளிர் சமிதிகளை அவர் அமைத்தார். முதலாவது 1913இல் பாப்னாவில் அமைந்தது. திரைக்குப் பின்னே இருந்த பெண்கள் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் உட்கார்ந்து தையல், கைவினை, பேறுகால சுகாதாரம், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைக் கற்றுக்கொண்டார்கள். ஜமீன்தார் வீட்டுப் பெண்ணும் குமாஸ்தா வீட்டுப் பெண்ணும் ஒரே பாயில் உட்கார்ந்ததை அந்தக் காலத்தில் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. சரோஜ நளினி 1925இல் இறந்தார். அதே ஆண்டு அவர் பெயரில் குருசதய் தொடங்கிய சங்கம் சமிதிகளை ஒருங்கிணைத்தது. விதவைகளுக்குத் தொழிற்பயிற்சி கொடுத்தது. குருசதய் எழுதிய மனைவியின் வாழ்க்கை வரலாற்றை லண்டனில் ஹோகார்த் பிரஸ் 1929இல் வெளியிட்டது. பிரதசாரியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் ஊர்ச் சங்கம், வாரக் கூட்டம், கையால் செய்யும் வேலை, கூடியிருப்பதில் உள்ள மகிழ்ச்சி என்று அந்த இயக்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் மகளிர் சமிதியில் ஏற்கெனவே இருந்தது.

1928இல் குருசதய் ஹௌரா மாவட்ட மாஜிஸ்திரேட். லில்லுவா ரயில்வே பட்டறைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தின்போது பாமன்காச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. விசாரித்த குருசதய், சுட்டவர்கள் பக்கம் நிற்காமல் அவர்களைக் கண்டித்து எழுதினார். பிறகு அவர் மைமன்சிங்குக்கு மாற்றப்பட்டார். அங்கே உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் கடும் அடக்குமுறையில் இறங்காததால் பீர்பூமுக்கு மாற்றல் ஆனது. தண்டனையாக வந்த இந்த மாறுதல்கள்தான் அவரைக் கிராமியக் கலைகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. இடையே 1929இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்த இங்கிலாந்து நாட்டுப்புற நடன விழாவைப் பார்த்திருந்தார். மைமன்சிங்கில் முஸ்லிம் விவசாயிகள் கர்பலா நினைவாக வட்டமிட்டு ஆடும் ஜாரி அவரைக் கவர்ந்தது. பீர்பூமில் கிடைத்தது ராய்பென்ஷே.

ராய்பென்ஷே ஆடியவர்கள் பாவுரி, பாக்தி, டோம் போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். கல்யாண ஊர்வலங்களில் பெண் வேடமிட்டு ஆடிக் காசு வாங்கும் கூட்டம் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஊரில் மதிப்பு இல்லை. வேடத்துக்கு உள்ளே இருந்த அசைவுகளைக் குருசதய் கவனித்தார். முழங்கால் மடங்கி நிற்கும் நிலை, வில்லை இழுக்கும் கை, ஈட்டியை எறியும் தோள், வாள் வீசும் திருப்பம். வலது காலில் மட்டும் சலங்கை. பின்னணியில் டோலும் கான்சி என்னும் தாளமும், நடுநடுவே தொண்டை கிழியும் கூச்சலும். பழைய ஜமீன்தார்களின் காலாட்படையில் ஈட்டி பிடித்தவர்களின் வாரிசுகள் இவர்கள் என்றும், படை கலைந்தபின் போர்ப்பயிற்சி கல்யாண ஆட்டமாகச் சுருங்கிவிட்டது என்றும் அவர் முடிவு செய்தார். மாவட்ட மாஜிஸ்திரேட் அவர்களோடு சேர்ந்து தாமே ஆடவும் செய்தார். உடன் வேலை பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வங்காளிக்கு வீரம் இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு மேல்சாதிக் கனவான்கள் ராஜபுத்திரர் கதைகளிலும் மராட்டியர் கதைகளிலும் பதில் தேடிக்கொண்டிருந்தார்கள். பதில் பீர்பூமின் சேரியிலேயே இருந்தது என்று குருசதய் சொன்னதுதான் புதிது. தமிழ்நாட்டில் பறையாட்டத்துக்கு நேர்ந்த திருப்பத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சாவு வீட்டில் அடிக்க வேண்டிய கட்டாயத் தொழிலாக இருந்த பறையை, திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு போன்றவை தலித் பெண்களின் கையில் கொடுத்து உரிமை மேடைக்குக் கொண்டுவந்தன. வேறுபாடும் பெரியது. பறையின் திருப்பத்தில் ஆடுகிறவர்களே முன்னால் நின்றார்கள். ராய்பென்ஷேவை மீட்டவர் அரசாங்க அதிகாரி. அதைக் கற்றுக்கொண்டவர்களில் பெரும்பகுதி நடுத்தர வர்க்கப் பள்ளிப் பிள்ளைகள். ஆட்டத்துக்குக் கிடைத்த கௌரவம் ஆடியவர்களின் குடிசைவரை போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியை இயக்கம் அழுத்தமாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

1932இல் பீர்பூம் மாவட்டத் தலைநகர் சிவுரியில் நடந்த பயிற்சி முகாமிலிருந்து இயக்கம் உருவெடுத்தது. அறிவு, உழைப்பு, உண்மை, ஒற்றுமை, ஆனந்தம் ஆகிய ஐந்தும் அதன் நோன்புகள். ஐந்தாவதாக ஆனந்தம் வருவது கவனிக்கத்தக்கது. அந்தக் காலத்து தேசிய இயக்கங்களில் தியாகத்துக்குக் குறைவில்லை, மகிழ்ச்சியைக் கடமையாக வைத்தவர்கள் அரிது. ஐந்துக்கும் கீழே பதினாறு உறுதிகளும் பதினேழு விலக்குகளும் உண்டு. சிறுவர்களுக்குத் தனிப் பட்டியல். பொன் வங்காளம் வாழ்க என்று பொருள்படும் முழக்கத்தை 'ஜ-சோ-பா' என்று மூன்று அசையாகச் சுருக்கி வணக்கமாகச் சொன்னார்கள். குருசதய்க்கு 'பிரவர்த்தக்ஜி' என்று பெயர்.

கூட்டம் பாட்டோடு தொடங்கும், பிறகு ஆட்டம். ராய்பென்ஷே, கேடயம் ஏந்தும் டாலி, கோலடித்து ஆடும் காட்டி, ஜாரி, பாவுல் எல்லாம் ஒரே களத்தில் வரும். கர்பலாவை நினைத்து ஆடிய ஆட்டத்தை இந்துப் பிள்ளைகள் ஆடினார்கள். மதக் கலவரங்கள் வங்காளத்தைப் பிளந்துகொண்டிருந்த பத்தாண்டு அது. ஆட்டம் முடிந்த கையோடு மண்வெட்டி வரும். சாலை போடுவது, புதர் வெட்டுவது, தூர்ந்த குளத்தைத் தோண்டுவது எல்லாம் பயிற்சியில் சேர்ந்தவை. வேலைக்கென்றே மெட்டுப் போட்ட பாட்டுகள் இருந்தன. மண்வெட்டியைப் பற்றிய பாட்டு வங்காளப் பள்ளிகளில் இன்றும் கேட்கிறது.

அப்போதைய வங்காளத்தின் பெரிய கிராமத் தொல்லைகளில் ஒன்று ஆகாயத்தாமரை. ஆறும் குளமும் கால்வாயும் அந்தப் பச்சைப் பாயால் மூடிப்போயின. படகு நின்றது, நெல் வயல் மூழ்கியது, கொசு பெருகியது. 1936இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. சட்டம் தண்ணீரில் இறங்காது. ஆள்தான் இறங்க வேண்டும். இடுப்பளவு சேற்றில் நின்று வேரோடு இழுத்துக் கரையில் குவித்து உலர்த்தி எரிக்கும் அந்த வேலையை, படித்த வீட்டுப் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு செய்ததில் ஒரு சாதிப் பாடமும் இருந்தது. மண்ணைத் தொடுவது கீழானது என்ற எண்ணத்தைப் பேச்சால் கலைப்பதைவிடத் தாளத்தால் கலைப்பது எளிது என்று குருசதய் கண்டிருந்தார்.

1930 சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதலுக்குப் பிறகு, 1931 முதல் 1933 வரை ஆண்டுக்கு ஒருவராக மூன்று மிதினாப்பூர் மாஜிஸ்திரேட்டுகள் சுட்டுக் கொல்லப்பட்ட சூழலில்தான் பிரதசாரி வளர்ந்தது. இளைஞர்களைத் திரட்டி உடற்பயிற்சி கொடுக்க அரசு விட்டதென்றால், அது துப்பாக்கியை நோக்கிப் போகாது என்ற நம்பிக்கை அரசுக்கு இருந்தது என்றே பொருள். பள்ளிகளில் நுழைய இயக்கத்துக்கு அந்த நம்பிக்கை உதவியது. புரட்சியிலிருந்து பிள்ளைகளைத் திசைதிருப்பும் ஏற்பாடு இது என்று தேசியவாதிகள் சிலர் சந்தேகப்பட்டதும் அதனால்தான். இரண்டிலும் உண்மை உண்டு. ஆட்சியை எதிர்க்க பிரதசாரி யாரையும் அழைக்கவில்லை. ஆனால் ஆட்சி வங்காளியின் உடலைப் பற்றிச் சொன்ன பொய்யை அந்த உடலைக் கொண்டே மறுத்தது.

எதிர்ப்பு வேறொரு தலைமுறையில் வேறொரு நாட்டில் வெளிப்பட்டது. ஓவியர் கம்ருல் ஹசன் இளம் வயதில் பிரதசாரியில் சேர்ந்தவர். அங்கே கிடைத்த கிராமியக் கலைப் பற்றில், ஓவியக் கல்லூரியில் படித்திருந்தும் தம்மைச் சுருள்பட ஓவியர்களின் பெயரால் 'படுவா' என்றே அழைத்துக்கொண்டார். 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது, பாகிஸ்தான் ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானைக் கோரைப்பல் அரக்கனாக வரைந்து இவர்களை அழிப்போம் என்று அவர் வெளியிட்ட சுவரொட்டி அந்தப் போரின் அடையாளச் சித்திரம் ஆனது.

குருசதய் 1941 ஜூனில் இறந்தார். 1929 முதல் பத்தாண்டுகள் ஊர் ஊராகச் சேர்த்த கலைப்பொருட்கள் பிரதசாரிகிராமுக்கு வந்தன. அவற்றுக்காக எழுந்த குருசதய் அருங்காட்சியகம் 1963இல் திறக்கப்பட்டது. சுருள்படங்கள், காளிகாட் படங்கள், சுடுமண் சிற்பங்கள், சந்தேஷ் இனிப்பு அச்சுகள், உலர்ந்த மாம்பழக்கூழுக்கான அச்சுகள் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் பெயர் பெற்றவை காந்தா விரிப்புகள். கிழிந்த சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்து, குழந்தைக்கும் விருந்தாளிக்கும் பெண்கள் செய்துவைத்த போர்வைகள் இவை. மானதாசுந்தரி தாசி என்ற பெண் 19ஆம் நூற்றாண்டில் தந்தைக்காகத் தைத்த காந்தா அவற்றில் ஒன்று. பூக்களுக்கு நடுவே சிப்பாய்களையும் வெள்ளைக்காரர்களையும் ஊசியால் வரைந்து, தன் பெயரையும் அதில் தைத்துவைத்தார். எழுத்தறிவே பெண்ணுக்குக் கூடாது என்று வீடுகள் நினைத்த காலம் அது.

1980களிலிருந்து மத்திய ஜவுளி அமைச்சகத்தின் நிதியில் நடந்துவந்த அருங்காட்சியகத்துக்கு 2017இல் அந்த நிதி நின்றது. ஊழியர் சம்பளமும் நின்றது. அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள ஊரோ நகரத்தோடு நெருங்கியது. 2012இல் ஜோகா கொல்கத்தா மாநகராட்சியோடு இணைந்தது. 2022 டிசம்பர் 30 அன்று தாராதலாவிலிருந்து பெஹாலா வழியாக ஜோகாவுக்குச் செல்லும் மெட்ரோ ரயில் தொடங்கிவைக்கப்பட்டது.