பச்சை மை - சில குறிப்புகள்

ஓலையில் எழுதுவது மை அல்ல, எழுத்தாணி. கீறி முடித்த பிறகுதான் கோவையிலை, ஊமத்தையிலைச் சாற்றில் கரியைக் குழைத்து ஏட்டின் மேல் தடவுவார்கள். துடைத்தெடுத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கும். இதற்கு மையாடல் என்று பெயர். நிறம் எழுத்தை உண்டாக்கவில்லை. கண்ணுக்குக் காட்டியது, அவ்வளவுதான். தில்லைக் கோயில் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளில் பெரும்பகுதியைக் கரையான் தின்றுவிட்டது என்கிற புராணக் கதையிலும் அழிவது ஏடு. மை வெளுத்ததாகப் பேச்சில்லை.

சிதம்பரத்துக்கு வடக்கே, கடலூரில் வேறுவகை எழுத்து வந்து இறங்கியது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்தபின் 1752 வரை அங்கிருந்தே நிர்வாகம் நடத்தியது. அதன் கீழ்நிலை ஊழியனுக்கு 'ரைட்டர்' என்றே பெயர். கிளைவ் அப்படி வந்தவன்தான். அவர்கள் மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது. நம் கடுக்காய் மையும் அதே ரசாயனம்தான். எழுதும்போது வெளிறியிருந்து காற்றுப் பட்டுக் கறுக்கும். நாள்பட்டால் காகிதத்தையே அரிக்கும். இங்கே மையை நீக்கிவிட்டால் எழுத்தே இல்லை.

1801இல் தென்னாற்காடு கம்பெனி வசமாயிற்று. கடலூர் பின்னர் ஜில்லாத் தலைநகராயிற்று. ஆபீஸ் வளர வளர அந்தஸ்து மைக்குள்ளும் புகுந்தது. குமாஸ்தாவுக்கு நீலம் அல்லது கறுப்பு, கெஜட்டட் அதிகாரிக்குப் பச்சை என்பது இந்நாட்டு வழக்கம். 'உண்மை நகல்' என்பதன் கீழ் ஒரு பச்சைக் கையெழுத்துக்காக வேலை தேடும் பிள்ளைகள் வாசல் வாசலாக நின்றார்கள். சுயசான்றொப்பமே போதும் என்று ஏற்கும்படி மத்திய அரசு துறைகளையும் மாநிலங்களையும் கேட்டுக்கொண்டது 2013இல்தான்.

கரும்பச்சை மையைப் பேனாவில் நிரப்பி எழுதிப் பார்த்தால் இந்த அதிகாரத்தின் ஸ்தூல நிலை தெரியும். ஈரத்தில் கோடு கறுப்பாகவே தோன்றும். உலர உலரப் பச்சை தெளியும். முள் தயங்கிய இடங்களில் மட்டும் இருள் நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சாயம் கலைந்து ஓடும். பேனா மைகளில் பெரும்பாலானவை இப்படிக் கரையும் சாயங்களே. கடலூர்க் கரை 2004இல் சுனாமியையும், 2011இல் தானே புயலையும், 2015இல் பெருவெள்ளத்தையும் கண்டது. அரசின் பச்சைக்கு ஆயுள் தண்ணீர் வரும்வரை.

பாப்லோ நெரூதா பச்சை மையில்தான் எழுதினார். பிரிட்டிஷ் உளவுத்துறைத் தலைவரும் பச்சையில்தான் கையெழுத்திடுகிறார். ஆக, நிறத்துக்கென்று ஒரு குணம் கிடையாது. நமக்கு முக்கியம் பழைய ஏட்டுக்காரனின் அனுபவம் என்று தோன்றுகிறது: எவ்வளவு சாறு தடவினாலும் கீறல் இல்லாத இடத்தில் அது தங்காது, துடைத்தால் போய்விடும். இன்று அச்சும் தாளும் நேர்த்தியாகி, கவிதைத் தொகுதிகள் பளபளப்பாக வருகின்றன. சாற்றுக்குக் குறைவில்லை.