யார் வீட்டுச் சத்தம்?

ராக் இசைக்குழுக்களின் வரலாறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். சின்ன வயதிலிருந்தே பழகிய நாலு பையன்கள். கையில் காசு இல்லை. கிடைத்ததை வைத்து ஒருவன் வீட்டில் வாசிக்கத் தொடங்குகிறார்கள், பிறகு உலகமே அவர்களைக் கேட்கிறது. இந்தக் கதையில் நட்பு உண்டு, ஏழ்மை உண்டு, திறமை உண்டு. வீடு மட்டும் வெறும் இடமாக நிற்கும். அந்த வீட்டில் அந்த நேரத்தில் சோறு வடித்தது யார், அவ்வளவு சத்தத்தையும் பொறுத்துக்கொண்டது யார், அதே வீட்டுப் பெண் பிள்ளைகள் அப்போது எங்கே இருந்தார்கள் என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை.

1956-இல் பிரிட்டனில் லானி டோனகனின் பாட்டு ஒன்று பிரபலமானதும் 'ஸ்கிஃபில்' என்ற இசை பிள்ளைகளிடையே காய்ச்சல் போலப் பரவியது. அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு கிதார், துணி துவைக்கும் தகரப் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய ஒரு பாஸ், இவ்வளவுதான். லிவர்பூலில் ஜான் லெனன் பள்ளித் தோழர்களுடன் தொடங்கிய குவாரிமென் குழுவும் அப்படிப்பட்டதுதான். அதில் அவருடைய பால்ய நண்பர் பீட் ஷாட்டன் துவைக்கும் பலகையை வாசித்தார். லெனனுக்குப் பாஞ்சோ கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாய் ஜூலியா. பையன்கள் ஒத்திகை பார்க்க அவர் தன் வீட்டையும் திறந்துவிட்டார். பீட்டில்ஸ் பிறந்த கதை இது. பெண்கள் கை தேயத் தேய்த்த பலகை பையன்கள் கைக்குப் போனதும் இசைக்கருவி ஆகிவிட்டது. அதைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணை யாரும் இசைக்கலைஞர் என்று சொன்னதில்லை.

அதே லிவர்பூலில் 1963 வாக்கில் நான்கு இளம்பெண்கள் லிவர்பேர்ட்ஸ் என்ற குழுவை நடத்தினார்கள். கிதார், பாஸ், டிரம்ஸ் எல்லாம் அவர்களே. 1964-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குப் போய் ஸ்டார் கிளப்பில் வாசித்துப் பேர் வாங்கினார்கள். 1968-இல் குழு முடிந்துபோனது. டிரம்ஸ் வாசித்த சில்வியா சாண்டர்ஸ் கர்ப்பமானதால் விலக வேண்டியிருந்தது. கிதார் வாசித்த வேலரி கெல், விபத்தில் உடல் முடங்கிப்போன தன் துணைவரைக் கவனித்துக்கொள்ளப் போய்விட்டார். ஆண்களின் குழுக்கள் உடைந்த கதைகளில் காசுச் சண்டை வரும், போதை வரும், கர்வம் வரும். இந்தக் குழு உடைந்ததற்குக் காரணம் பிள்ளைப்பேறும் பணிவிடையும்.

வீட்டில் இடமும் நேரமும் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் ஃபிரீமான்ட் என்ற சிற்றூரில் 1968-இல் தொடங்கிய ஷாக்ஸ் என்ற குழுவைப் பார்க்கலாம். விக்கின் குடும்பத்துச் சகோதரிகள். அப்பா ஆஸ்டின் விக்கின் அவர்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, கருவிகள் வாங்கிக் கொடுத்து, தினமும் பயிற்சி செய்ய வைத்தார். 1969-இல் இசைத்தட்டும் பதிவானது. 1975-இல் அப்பா இறந்தார், குழுவும் அன்றோடு நின்றது. இங்கே வீடு தடுக்கவில்லை, கட்டாயப்படுத்தியது. வாசிக்கச் சொன்னதும் அப்பாதான், எப்போது நிறுத்தலாம் என்பதும் அவர் கையில்தான் இருந்தது.

இந்த வரலாறுகளை நான் ஆரணிக்காரியாகப் படிக்கிறேன். எங்கள் ஊரில் வீடும் பட்டறையும் ஒன்றே. முன்கூடத்தில் தறி, பின்கட்டில் அடுப்பு. விடிந்தது முதல் நாடா ஓடும் சத்தமும், மிதி விழும் சத்தமும், அச்சு மோதும் சத்தமும் தெருவையே நிறைக்கும். பாவு நீட்டித் தோய்க்க வேண்டுமென்றால் அந்தக் காலை நேரத்தில் தெருவே தறிக்காரருடையது. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அது சோறு போடுகிற சத்தம்.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது நாங்கள் மூன்று பெண்கள் ஒரு குழு வைத்திருந்தோம். பெயர் எல்லாம் கிடையாது. ஒருத்தி பிளாஸ்டிக் குடத்தைத் தட்டுவாள், ஒருத்தி எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தாளம் போடுவாள், நான் பாடுவேன். சினிமாப் பாட்டின் மெட்டில் வாத்தியார்களைக் கிண்டல் செய்து நாங்களே வரி கட்டுவோம். பள்ளி விட்டு வந்து தார் சுற்றி முடித்த பிறகுதான் இதெல்லாம். சில மாதம் நடந்தது. ஒருநாள் வாசலில் நின்று அத்தை கேட்டார்: "இன்னாடி சத்தம்? தெருவுல நாலு பேரு போவுறாங்க இல்ல?" உள்ளே தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் குடத்தைவிட அதன் சத்தம் நாலு மடங்கு. அத்தைக்கு அது காதில் விழவில்லை. அவ்வளவோடு எங்கள் குழு முடிந்தது. அத்தை கெட்டவர் இல்லை. அவரைச் சின்ன வயதில் யாரோ கேட்ட கேள்வியைத்தான் எங்களிடம் கேட்டார்.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறியிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கு மேல். அவர்களில் 25 லட்சத்துக்கும் அதிகமானோர் பெண்கள். வீட்டுக்குள் எழும் அந்தச் சத்தத்தில் பெரும்பங்கு பெண்களின் கைகளிலிருந்து வருவது. கூலிக்கு எழுப்பலாம், ஆசைக்கு எழுப்பக்கூடாது. ஆரணியில் நான் கற்ற முதல் விதி இது.

இந்த விதி எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை என்பது 2013-இல் உறுதியானது. ஸ்ரீநகரில் பத்தாம் வகுப்பு படித்த மூன்று மாணவிகள் 'பிரகாஷ்' என்று ஒரு ராக் குழு தொடங்கியிருந்தார்கள். நாம் பிரகாசம் என்கிறோமே, அதே சொல். 2012 டிசம்பரில் அந்நகரில் நடந்த இசைக்குழுக்கள் போட்டியில் முதன்முறையாகப் பொது மேடையில் வாசித்துப் பரிசும் பெற்றார்கள். பிறகு இணையத்தில் வசையும் வன்புணர்வு மிரட்டலும் தொடங்கின. அப்போதைய முதல்வர் ஒமர் அப்துல்லா ட்விட்டரில் ஆதரவு தெரிவித்தார். பிப்ரவரி 3 அன்று தலைமை முஃப்தி பஷீருதீன் அகமது இது மார்க்கத்துக்கு விரோதம் என்றார். ஓரிரு நாளில் குழு கலைந்தது. மிரட்டியவர்கள் சிலரைக் காவல்துறை கைது செய்தது. அந்த மூவரின் பெயரும் அன்று எல்லா நாளிதழ்களிலும் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் என்பதால் நான் இங்கே எழுதவில்லை.

இதை 'காஷ்மீர் முஸ்லிம்கள் இப்படித்தான்' என்று முடித்துவிடுவது சுலபம். தில்லித் தொலைக்காட்சிகள் அதைத்தான் செய்தன. ஆனால் ஸ்ரீநகர் வானொலியில் ராஜ் பேகம் பல பத்தாண்டுகள் பாடியிருக்கிறார். 2002-இல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். பதினாறாம் நூற்றாண்டுப் பெண் கவி ஹப்பா காத்தூனின் பாடல்களை அந்தப் பள்ளத்தாக்கு இன்றும் பாடுகிறது. அந்தப் போட்டியில் பையன்களின் குழுக்களும் வாசித்தன, அவை கலையவில்லை. எதிர்த்தவர்களுக்கு அந்தப் பெண்கள் ஒழுக்கக்கேட்டின் அடையாளம். ஆதரித்தவர்களில் பலருக்கு அவர்கள் 'விடுதலை பெற்ற காஷ்மீரி'யின் அடையாளம். அவர்கள் என்ன வாசித்தார்கள், எப்படி வாசித்தார்கள் என்று பேசியவர்கள் சொற்பம். பிப்ரவரி 9 அன்று அப்சல் குரு தூக்கிலிடப்பட்டார். பள்ளத்தாக்கில் ஊரடங்கு வந்தது, செய்தி மாறியது, தொலைக்காட்சிகள் அந்த மூவரையும் மறந்தன.

எங்கள் தெருவில் முஃப்தி இல்லை, அத்தை இருந்தார். மிரட்டல் இல்லை, 'நாலு பேரு' இருந்தார்கள். இரண்டையும் சமமென்று நான் சொல்லமாட்டேன். உயிர்பயம் வேறு, வெட்கம் வேறு. ஆனால் அங்கும் இங்கும் வெட்டிய இடம் ஒன்றுதான்: பெண்களின் சத்தம் வீட்டு வாசலைத் தாண்டும் இடம்.

தாண்டியவர்களும் உண்டு. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990-இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறை அடிக்கிறார்கள். சாதி அந்தப் பறையைச் சாவுக்கு அடிக்கும் கட்டாய வேலையாக்கி இழிவுபடுத்தியது. அந்த ஊர்வலத்திலும் பெண்ணுக்கு இடமில்லை. இரண்டு பூட்டுகளையும் சேர்த்தே இவர்கள் திறக்க வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் கானா பாடிய இசைவாணி, தொடங்கியபோது அதிலிருந்த ஒரே பெண்.

சக்தி குழுவிடம் நான் முக்கியமாகக் கவனிப்பது ஒன்று. அங்கே பெண்கள் ஒன்றாகத் தங்கிப் பயில்கிறார்கள். திறமை, துணிச்சல் எல்லாம் பிறகு. முதலில் அவர்களுக்குக் கிடைத்தது நாலு சுவரும், 'சத்தம் எதற்கு' என்று கேட்காத ஒரு மாலையும். லெனனுக்கு அதை ஜூலியா கொடுத்தார். ஆரணியில் பள்ளி விட்டுவந்து தார் சுற்றும் பிள்ளைகளுக்கு அதை யார் கொடுப்பது? வாரத்தில் இரண்டு மாலை ஒரு பள்ளி வகுப்பறையின் சாவியைக் கொடுத்தாலே போதும். குடத்தை அவர்களே கொண்டுவருவார்கள்.