ஒரு நாளுக்கு 5 மார்க்

யூத இனப்படுகொலை பற்றி எங்களில் கனபேருக்குத் தெரிஞ்ச கதை ரெண்டு இடத்தில முடிஞ்சிடும். ஒண்டு, 1945 இல் முகாம்களின் வாசல் திறபடுறது. மற்றது, நியூரம்பேர்க் விசாரணை. அதற்குப் பிறகு உயிர் தப்பினவர்கள் என்ன செய்தார்கள்? வீடு போச்சு, கடை போச்சு, பெற்றோர் போச்சினம், பிள்ளைகள் போச்சினம். யாரிடம் போய் எதைக் கேட்டார்கள்? இந்தப் பகுதியை நாங்கள் படிக்கிறதே இல்லை. நட்டஈடு என்ற சொல் இந்த நாட்டில் எங்களுக்கு நல்லாப் பழகின சொல், படிவத்தோட சேர்ந்தே வாற சொல். அதனால்தான் இந்தப் பகுதியைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

முதலில் சொற்களையே பார்ப்போம். ஜேர்மனியர் இதற்கு வைத்த பெயர் ‘வீடர்குட்மாகுங்’. திரும்பவும் நல்லதாக்குதல் என்று பொருள். ஆறு மில்லியன் பேரைக் கொன்ற பிறகு எதைத் திரும்ப நல்லதாக்கிறது? இஸ்ரேல் தரப்பு அந்தச் சொல்லைத் தொடவில்லை. எபிரேய வேதாகமத்திலிருந்து ‘ஷிலுமிம்’ என்ற சொல்லை எடுத்தார்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறது என்ற அளவில் மட்டும்தான் அதற்குப் பொருள்; மன்னிப்பு அதற்குள் இல்லை. ஒரே காசுக்கு ரெண்டு பேர். கடைசி வரைக்கும் ரெண்டு தரப்பும் தங்கட தங்கட சொல்லிலேயே நிண்டுது.

1951 செப்டெம்பர் 27 அன்று மேற்கு ஜேர்மனியின் சான்சலர் கொன்ராட் அடினோவர் நாடாளுமன்றத்தில் பேசினார். ஜேர்மன் மக்களின் பெயரால் சொல்லில் அடங்காத குற்றங்கள் இழைக்கப்பட்டன, அவற்றுக்குப் பொருள்ரீதியாகவும் ஈடு செய்யும் கடமை உண்டு என்பது அவர் பேச்சின் சாரம். ‘இழைக்கப்பட்டன’ என்கிற செயப்பாட்டு வினையைக் கவனியுங்கோ. இழைச்சது ஆர் எண்டு அந்த வசனத்தில இல்லை. அதே வருடம் மே மாதமே இன்னொரு சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது: போருக்குப் பிறகு வேலை இழந்த அரச உத்தியோகத்தர்களுக்கு வேலையும் ஓய்வூதியமும் திருப்பிக் கொடுக்கும் சட்டம். அவர்களில் முன்னாள் நாஸிக் கட்சிக்காரர் ஏராளம். பாதிக்கப்பட்டவர்களுக்கான நாடு தழுவிய சட்டம் வர 1953 ஆகியது. எந்த வரிசையில் எந்தச் சட்டம் வந்தது எண்டு பார்த்தாலே கொஞ்சம் விளங்கும்.

இஸ்ரேலில் நிலைமை வேறு. 1948 இலிருந்து மூன்றரை வருடத்தில் யூத சனத்தொகை இரண்டு மடங்காகியிருந்தது. சாப்பாடு பங்கீட்டில். அந்நியச் செலாவணி கிட்டத்தட்ட இல்லை. ஐந்து இலட்சம் அகதிகளைக் குடியேற்ற ஆளுக்கு 3,000 டொலர், மொத்தம் 1.5 பில்லியன் டொலர் என்று 1951 மார்ச்சில் கணக்குப் போட்டுக் கேட்டார்கள். கொலைக்கு விலை போடவில்லை, குடியேற்றச் செலவைத்தான் கேட்கிறோம் என்பது இந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்த நியாயம்.

அந்த நியாயத்தை எல்லாரும் ஏற்கவில்லை. 1952 ஜனவரி 7, ஜெருசலேம். எதிர்க்கட்சித் தலைவர் மெனாஹிம் பெகின் சியோன் சதுக்கத்தில் பேசிவிட்டு நாடாளுமன்றத்துக்குப் போனார். கூட்டமும் பின்னால போச்சு. யன்னல்கள் கல்லால் உடைந்தன, கண்ணீர்ப்புகை சபைக்குள்ளேயே வந்தது, பலர் காயப்பட்டனர். பெகினுடைய தாய், தகப்பன், தமையன் எல்லாரும் நாஸிகளால் கொல்லப்பட்டவர்கள். இந்தக் காசை வாங்கினால் ஜேர்மனிக்குச் சுத்தமான பெயர் கிடைக்கும், செத்தவர்களின் பெயரில் பேரம் பேச எவருக்கும் உரிமை இல்லை என்று அவர் வாதிட்டார். வலதுசாரிகள் மட்டும் இப்படி நினைக்கவில்லை, இடதுசாரி மாப்பம் கட்சியும் எதிர்த்தது. பிரதமர் பென்-குரியன் பக்கத்து வாதமும் லேசானதில்லை: கொன்றவனே கொள்ளையடித்த சொத்துக்கும் வாரிசாகலாமா? ஜனவரி 9 அன்று 61க்கு 50 என்ற வாக்கில் பேச்சுவார்த்தைக்கு அனுமதி கிடைத்தது.

ஆரின்ர பக்கம் சரி எண்டு எங்களுக்குள்ளேயே கனநேரம் வாக்குவாதம் வந்தது. பசியோட இருக்கிற ஆளுக்கு ‘மானத்துக்காக வாங்காத’ எண்டு சொல்ல எங்களுக்கு வாய் வரேல்லை. அதே நேரம் பெகின் பயந்ததும் வீண்பயம் இல்லை. மேற்கு ஜேர்மனி அந்த ஒப்பந்தத்தை மேற்குலகில் தன் பெயரை மீட்கவும் பயன்படுத்திக்கொண்டது.

இந்த இடத்தில் இன்னொண்டையும் சொல்லாமல் போக ஏலாது. 1948 இல் ஏறத்தாழ 7 இலட்சம் பலஸ்தீனர் அகதிகளானார்கள். திரும்பி வர விரும்பாதவர்களின் சொத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையின் 194ஆம் தீர்மானம் அதே வருடம் டிசம்பரில் சொன்னது. 1950 இல் இஸ்ரேல் ‘இல்லாதோர் சொத்துச் சட்டம்’ கொண்டு வந்து அந்த வீடுகளையும் நிலங்களையும் தன் பொறுப்பில் எடுத்தது. ஜேர்மனியிடம் நட்டஈடு கேட்டுக் கணக்குப் போட்டது அடுத்த வருடம்.

பேச்சுவார்த்தை நெதர்லாந்தின் வாசெனாரில் நடந்தது. இரண்டு பக்கத்திலும் ஜேர்மனைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இருந்தும் உத்தியோகபூர்வ அமர்வுகள் ஆங்கிலத்தில். 1952 செப்டெம்பர் 10 அன்று லக்சம்பேர்க்கில் அடினோவரும் இஸ்ரேலிய வெளியுறவு அமைச்சர் மோஷே ஷாரெட்டும் கையெழுத்திட்டார்கள். ஒருவரும் உரையாற்றவில்லை. இஸ்ரேலுக்கு 3 பில்லியன் மார்க், பெரும்பாலும் கப்பல், உருக்கு, இயந்திரம், எண்ணெய் என்று பொருளாக. இஸ்ரேலுக்கு வெளியே உள்ளவர்களுக்காக யூத அமைப்புகளின் கூட்டமைப்பான உரிமைக்கோரல் மாநாட்டுக்கு 450 மில்லியன் மார்க். ஜேர்மனியில் அந்த வருடம் எடுத்த கருத்துக்கணிப்பில் இதை முழுதாக ஆதரித்தவர்கள் 11 வீதம்தான். 44 வீதமானவர்கள் தேவையில்லாத வேலை என்றார்கள். நாடாளுமன்றத்தில் ஒப்பந்தம் தப்பியதும் எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகவாதிகள் முழுப்பேரும் ஆதரவாகக் கைதூக்கினதால்.

இதுவரை அரசுக்கும் அரசுக்கும் நடந்த கதை. தனி ஆட்களின் கதை இதை விடக் கசப்பு. 1953 இல் வந்து 1956 இல் விரிவாக்கப்பட்ட நட்டஈட்டுச் சட்டம் இழப்பைப் பிரிவு பிரிவாகப் பிரித்தது: உயிர், உடல், சுதந்திரம், சொத்து, தொழில். சுதந்திரத்தை இழந்ததற்கு நாளுக்கு 5 மார்க். முழு மாதமாகத்தான் கணக்கெடுப்பார்கள், மாதத்துக்கு 150. அவுஷ்விட்ஸில் இரண்டரை வருடம் இருந்தவருக்கு 4,500 மார்க். இருந்ததற்கு ஆதாரம்? சாட்சி? திகதி? முகாமிலிருந்து வெளியே வாறவன் கையில பத்திரம் கொண்டே வருவான்?

உடல்நலப் பிரிவுதான் எங்களை நித்திரை கொள்ள விடாதது. மாத ஓய்வூதியம் கிடைக்க வேண்டுமென்றால் உழைக்கும் திறனில் குறைந்தது 25 வீதம் போயிருக்க வேண்டும், அது துன்புறுத்தலால்தான் போனது என்றும் காட்ட வேண்டும். நியூயோர்க்கில் இருந்தாலும் டெல் அவிவில் இருந்தாலும் ஜேர்மன் அதிகாரிகள் ஏற்றுக்கொண்ட வைத்தியரிடம் போக வேண்டும். நித்திரை இல்லை, இரவில் கத்தி எழும்புறன், பிள்ளைகளின் முகம் வருது என்று சொன்னால், அப்போதைய ஜேர்மன் உளமருத்துவத்தில் செல்வாக்கோடு இருந்த ஒரு கருத்து குறுக்கே நின்றது: சாதாரண மனிதன் எந்த அதிர்ச்சியிலிருந்தும் கொஞ்சக் காலத்தில் மீண்டுவிடுவான், மீளாவிட்டால் அது அவனுடைய பிறவிக் குறை. அதாவது முகாம் காரணம் இல்லை, நீதான் காரணம். வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிப்போன உளப்பகுப்பாய்வாளர் கேர்ட் ஐஸ்லர் 1963 இல் இதற்கு எதிராக ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே ஒரு கேள்வி: தன் பிள்ளைகளில் எத்தனை பேர் கொல்லப்படுவதை ஒரு மனிதன் நோய்க்குறி இல்லாமல் தாங்கினால் அவனை இயல்பானவன் என்று ஏற்பீர்கள்? 1965 இல் சட்டம் திருத்தப்பட்டது. முகாமில் ஒரு வருடம் இருந்திருந்தால் அந்த 25 வீதம் அதனால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம் என்றானது. அதற்குள் பன்னிரண்டு வருடம் போய்விட்டது.

சோவியத் முகாம் நாடுகளில் இருந்தவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்களுக்கு மாதக் கொடுப்பனவு தொடங்க 1998 ஆனது. கிழக்கு ஜேர்மனி இஸ்ரேலுக்குக் கடைசி வரை நட்டஈடு கொடுக்கவில்லை. கட்டாய உழைப்பு வாங்கிய கம்பனிகளும் அரசும் பாதி பாதியாக 10 பில்லியன் மார்க் போட்டு நிதியம் அமைத்தது 2000 இல்.

கெட்டோ ஓய்வூதியத்தோடு முடிக்கிறோம், ஏனென்றால் அது எங்கட காலத்துக் கதை. நாஸிகள் அடைத்து வைத்த கெட்டோக்களுக்குள் வேலை செய்தவர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க 2002 இல் ஜேர்மன் நாடாளுமன்றம் ஒருமனதாகச் சட்டம் நிறைவேற்றியது. நிபந்தனை இரண்டு: வேலையைத் தன் விருப்பத்தில் எடுத்திருக்க வேண்டும், கூலி வாங்கியிருக்க வேண்டும். முள்வேலிக்குள்ள விருப்பம் எண்டால் என்ன, ஒரு கோப்பை சூப் கூலியா? ஏறத்தாழ 70,000 விண்ணப்பங்களில் 90 வீதத்துக்கு மேல் நிராகரிக்கப்பட்டன. யான்-ரோபேர்ட் ஃபொன் ரெனெஸ்ஸ என்ற நீதிபதி படிவத்தை மட்டும் பார்க்காமல், வரலாற்றாசிரியர்களிடம் அறிக்கை கேட்டார், இஸ்ரேலுக்கே போய் முதியவர்களை நேரில் விசாரித்தார். 2009 ஜூனில் உச்ச சமூக நீதிமன்றம் சாப்பாடும் கூலிதான் என்று ஏற்றது. 2014 இல் சட்டம் திருத்தப்பட்டு, 1997 இலிருந்து கணக்குப் பார்த்து நிலுவையைக் கொடுக்க வழி வந்தது. விண்ணப்பம் போட்ட கனபேர் அதுக்குள்ள செத்துப் போச்சினம்.