அகரம் இல்லாத மொழிக்கு அகராதி



'கடல்' என்ற சொல்லின் பொருளைத் தேட நமக்கு ஒரு நொடி போதும். ககர வரிசையைப் புரட்டுகிறோம், 'கட' என்னும் இடத்தில் விரலை நிறுத்துகிறோம், சொல் அகப்பட்டுவிடுகிறது. அகரத்தை ஆதியாக உடைமையால் அந்நூலுக்கு அகராதி என்றே பெயரிட்டோம். ஆனால் அகரமே இல்லாத ஒரு மொழியில் இந்நூல் எங்ஙனம் அமையும்? கடலைக் குறிக்கும் சீன எழுத்து மாணவன் கண்முன் நிற்கிறது. அதன் ஒலியை அவன் அறியான், பொருளையும் அறியான், அறிந்ததெல்லாம் அதன் வடிவம் ஒன்றே. அகராதியின் எந்தப் பக்கத்தை அவன் திறப்பது? சீனம் கற்கப் புகுவோர் அகராதியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் எழுப்பவேண்டிய கேள்வி இதுவே. எத்தனை ஆயிரம் சொற்கள் உள்ளன என்பதன்று. எவ்வழியாக உள்ளே நுழைவது என்பதே.

இக்கேள்விக்குச் சீன அறிஞர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கின்றனர். அவர்களுடைய மிகப் பழைய சொற்பொருள் நூலாகிய 'ஏர்யா' சொற்களைப் பொருள்வகையால் பிரித்தது. உறவுமுறை, வீடு, வானம், மலை, மரம், மீன், பறவை என்று அதன் பத்தொன்பது பகுதிகள் செல்கின்றன. நம் திவாகரத்தையும் பிங்கலத்தையும் அறிந்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. ஆனால் நிகண்டு நெட்டுருச் செய்தவனுக்கே பயன்படும். ஒரு சொல் மீனா பறவையா என்று தெரியாதவனுக்கு அது திறவாக் கதவு.

வடிவத்தைக் கொண்டு எழுத்துகளை வரிசைப்படுத்த முதன்முதலில் முனைந்தவர் சூ ஷென் என்னும் அறிஞர். கி.பி. 100-இல் அவர் முடித்த நூலை, 121-இல் அவருடைய மகன் பேரரசரிடம் சமர்ப்பித்தார். 9,353 எழுத்துகளை அந்நூல் 540 தலைக்குறிகளின்கீழ்த் தொகுத்தது. நீர் தொடர்பான எழுத்துகளில் நீர்க்குறியும் மரம் தொடர்பானவற்றில் மரக்குறியும் பெரும்பாலும் உறுப்பாக அமைந்திருப்பதை அவர் பயன்படுத்திக்கொண்டார். அரிய கண்டுபிடிப்புத்தான், ஆனால் 540 குறிகளையும் நினைவில் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

ஒலிவழி சென்றவர்களும் உண்டு. ஓர் எழுத்தின் ஒலியை வேறு இரண்டு எழுத்துகளால் காட்டும் உபாயம் சீனத்தில் வழங்கிற்று. 'தெ', 'ஹுங்' என்ற இரண்டையும் தந்தால், முன்னதன் மெய்யையும் பின்னதன் எஞ்சிய ஒலியையும் கூட்டி 'துங்' என்று படிக்கவேண்டும். 'துங்' என்றால் கிழக்கு. கி.பி. 601-இல் தோன்றிய 'செயுன்' என்ற நூல், ஒத்து ஒலிக்கும் எழுத்துகளை ஓரிடத்தில் கூட்டி இவ்வுபாயத்தால் விளக்கியது. வீரமாமுனிவரின் சதுரகராதியில் தொடையகராதி என்றொரு பகுதி இருப்பதை மாணவர்கள் அறிவர். அதுபோலவே இதுவும் கவிஞர்க்கு உற்ற துணை. எழுத்தின் ஒலியே தெரியாதவனுக்கு மட்டும் இதனாலும் பயனில்லை.

1615-இல் மெய் யிங்ட்ஸுவோ என்பவர் 540 தலைக்குறிகளை 214 ஆகக் குறைத்தார். அவற்றைக் கீற்றுகளின் எண்ணிக்கைப்படி அடுக்கினார். தலைக்குறியைக் கண்டு, எஞ்சிய கீற்றுகளை எண்ணினால் எழுத்தை அடையலாம். காங்ஷீப் பேரரசரின் ஆணையால் 1716-இல் நிறைவெய்திய பேரகராதி 47,035 எழுத்துகளை இம்முறையிலேயே அடக்கிற்று.

அம்முறையிலும் புதியவன் இடறும் கற்கள் பல. கடல் என்ற எழுத்தின் இடப்புறத்தில் நீர்க்குறி மூன்று கீற்றுகளாகத் தோன்றும். மூன்று கீற்று வரிசையில் தேடினால் அகப்படாது. நீர்க்குறியின் முழு வடிவத்திற்குக் கீற்று நான்கு, ஆகவே நான்கின் வரிசையில்தான் அது இருக்கிறது! 'வினவு' என்று பொருள்படும் எழுத்தோ, கதவுக்குள் வாய் இருப்பதுபோல் எழுதப்படுவது. கதவு பெரிதாகத் தெரிவதால் கதவின்கீழ்த் தேடுவோம். அகராதி அதனை வாயின்கீழ் வைத்திருக்கும். வினவுவது வாயல்லவா என்பது அவர்கள் வாதம். பொருள் தெரிந்தவனுக்கு அது நியாயமாகவே படும். பொருள் தெரியாமல் தேடுகிறவனுக்கு?

பிறநாட்டார் பட்ட பாடு இதனினும் பெரிது. 1759-இல் பிளிண்ட் என்ற ஆங்கில வணிகர் பேரரசருக்கு மனுச் செய்யத் துணிந்தார். அம்மனுவை எழுதிக்கொடுத்த சீனர் கொலைத்தண்டனை பெற்றார். அயலார்க்கு மொழி கற்பிப்பது உயிருக்கே ஊறு என்ற நிலையில், 1807-இல் ராபர்ட் மாரிசன் என்ற சமய ஊழியர் கான்டன் நகரை அடைந்தார். ஆசிரியரும் மறைவாக வரவேண்டும்; மாணவரும் மறைவாகப் படிக்கவேண்டும். அந்நிலையில் அவர் தொகுத்த சீன-ஆங்கில அகராதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் செலவில், மக்காவ் நகரில் அதற்கெனவே நிறுவிய அச்சகத்தில், 1815 முதல் 1823 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது.

முதற்பகுதியை மாரிசன் காங்ஷீ அகராதியின் 214 தலைக்குறிகளையே பின்பற்றித் தொடங்கினார். ஒவ்வோர் எழுத்தின்கீழும் வரலாறு, வழக்கம், மேற்கோள் என்று எழுதிக்கொண்டே சென்றார். முதல் தொகுதி முடிந்தபோது தலைக்குறிகளில் ஒரு சிறு பங்கே முடிந்திருந்தது! ஆகவே அதனை அவ்வளவில் நிறுத்திவிட்டு, இரண்டாம் பகுதிக்குத் தாவினார். அதில் ஏறத்தாழ 12,000 எழுத்துகளை ஒலிப்படி ஆங்கில எழுத்து வரிசையில் அமைத்து, 1819-இலும் 1820-இலும் வெளியிட்டார். முதற்பகுதியின் எஞ்சிய தொகுதிகள் அதன் பின்னரே, சுருங்கிய அளவில் வந்தன. அறிஞரின் பெருமை முதற்பகுதியில் இருக்கலாம். மாணவரின் நன்றிக்கு உரியது இரண்டாம் பகுதியே என்பது என் கருத்து.

ஒலிப்படி அடுக்கும் முறை பின்வந்தோரிடம் நிலைபெற்றது. ஹெர்பர்ட் ஜைல்ஸ் 1892-இலும், மாத்யூஸ் 1931-இலும் அவ்வாறே செய்தனர். மாத்யூஸ் அகராதியில் 7,785 எழுத்துகளே உள்ளன. எனினும் அவற்றால் ஆன சொற்றொடர்கள் ஒரு லட்சத்திற்கும் மேல். இரண்டாம் உலகப் போரின்போது ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1943-இல் அதனைத் திருத்தி அச்சிட்டது. நெடுங்காலம் மாணவர் மேசையில் இருந்த நூல் அது.

ஒலிவரிசைக்கும் ஒரு குறை உண்டு. ஒலியை எவ்வெழுத்துக்கூட்டலால் எழுதுவது என்பதில் காலந்தோறும் கட்சி மாறியது. ஜெர்மனியிலிருந்து வெளியேறி லண்டனில் ஆசிரியரான வால்ட்டர் சைமன், 1947-இல் தொடக்க மாணவர்க்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். சீனத்தில் தொனி மாறினால் பொருள் மாறும்: 'மா' என்பதே தொனிக்கேற்பத் தாயாகும், சணலாகும், குதிரையாகும், ஏசுதலும் ஆகும். இத்தொனிகளை எழுத்துக்கூட்டலிலேயே காட்டும் ஒரு முறையைச் சீன அரசு 1928-இல் ஏற்றிருந்தது; சைமன் அதனைக் கையாண்டார். மாணவனுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆயினும் 1958-இல் சீனம் 'பின்யின்' என்ற வேறு முறையை ஏற்றது. நல்ல நூலொன்று தன் குற்றமின்றியே பழையதாயிற்று. ஆங்கில நிலப்படத்தில் ஷான்ஷீ என்ற பெயர் பெற்ற அண்டை மாகாணங்கள் இரண்டையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் ஓர் எழுத்து இரட்டித்திருப்பது அப்பழைய முறையின் எச்சமே.

எழுத்தின் உருவமும் மாறிற்று. 1956 முதல் சீன அரசு எளிய வடிவங்களைப் புகுத்தியது. பத்துக் கீற்றால் எழுதிய குதிரை மூன்று கீற்றாயிற்று. தைவானும் ஹாங்காங்கும் பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டன; சிங்கப்பூர் புதியதை ஏற்றது. ஆகவே, எந்நாட்டு நூல்களைப் படிக்கப்போகிறோம் என்று தெளியாமல் அகராதி வாங்குவது வீண்செலவு.

சீனப் பள்ளி மாணவர் கையில் இருப்பது 'ஷின்ஹுவா' என்ற சிற்றகராதி. மொழியறிஞர் வெய் ஜியன்குங் தலைமையில் தொகுத்து 1953-இல் வெளியிட்டனர். ஒலிவரிசையில் அமைந்து, முன்னே தலைக்குறி அட்டவணையும் கொண்டது. 2015-க்குள் 56 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றன என்பர். அதன் விளக்கங்கள் சீனத்திலேயே இருப்பதால் நம் தொடக்க மாணவர்க்கு ஆகாது. ஆயினும் அதன் அமைப்பையே அளவுகோலாகக் கொள்ளலாம். இன்று கைப்பேசித் திரையில் விரலால் வரைந்தும் எழுத்தைத் தேடலாம். அதற்கும் கீற்றுகளைப் பிரித்தறியும் கண் வேண்டும். அக்கண்ணைத் தருவது தலைக்குறி அட்டவணைதான்.

ஆதலால் புத்தகக் கடையில் நிற்கும் மாணவருக்கு ஒரு சோதனை கூறுகிறேன். கதவுக்குள் வாய் உள்ள அந்த 'வினவு' எழுத்தைத் தாளொன்றில் எழுதிச் செல்லுங்கள். கையிலெடுத்த அகராதியின் அட்டவணையில் அதனைக் கதவின்கீழ்த் தேடுங்கள். அங்கே அதற்குப் பக்க எண் இருந்தால், தொகுத்தவர் உங்களை நினைத்திருக்கிறார், விலையைக் கேட்கலாம். வாயின்கீழ் மட்டுமே இருந்தால், அந்நூலை இன்னும் இரண்டாண்டு அலமாரியிலேயே இருக்க விடுங்கள்.