நீச்சல் குள மறுவண்ணப் பூச்சு

நீச்சல் குள மறுவண்ணப் பூச்சு என்பது, கான்கிரீட் அல்லது சிமென்ட் பூச்சாலான குளத்தை வற்றவைத்து, பரப்பைச் செப்பனிட்டு, நீருக்கடியில் தாங்கும் பெயிண்டைப் புதிதாக அடிக்கும் பராமரிப்புப் பணி. முழுவதும் ஓடு பதித்த குளங்களுக்கு இது தேவையில்லை. அக்ரிலிக் பெயிண்ட் 2 முதல் 3 ஆண்டுகளும், குளோரினேற்றிய ரப்பர் பெயிண்ட் 3 முதல் 5 ஆண்டுகளும், எபாக்சி 7 முதல் 10 ஆண்டுகளும் நிற்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் ஒரே எபாக்சி ஒரு குளத்தில் பத்தாண்டு தாங்குகிறது. இன்னொன்றில் ஓராண்டுக்குள் தோல் தோலாக உரிகிறது. ஆகவே ஆயுளைத் தீர்மானிப்பது பெயிண்ட் வகை மட்டுமன்று, அதைத் தாங்கும் பரப்பும்தான். இதற்கான சான்று உரிந்த சில்லின் பின்புறத்திலேயே இருக்கும். அது வழவழப்பாக இருந்தால் பெயிண்ட் கான்கிரீட்டைப் பற்றவே இல்லை. பழைய நிறம் ஒட்டியிருந்தால் அடிப் பூச்சு கழன்றிருக்கிறது. கொப்புளத்துக்குள் நீர் இருந்தால் ஈரம் உள்ளே சிக்கியிருக்கிறது.

முதல் குறைக்குக் காரணம் அழுக்கு. குளிப்பவர் உடலிலிருந்து வரும் எண்ணெயும் நீரிலுள்ள சுண்ணாம்புப் படிவும் கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன; துளைக்குள் இறங்காத பெயிண்டுக்குப் பிடிமானம் கிடையாது. அதனால் முதலில் டிரைசோடியம் பாஸ்பேட் போன்ற காரக் கரைசலால் பிசுக்கைக் கழுவி, பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தேய்க்கிறார்கள். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும்; நீரை அமிலத்தில் ஊற்றினால் தெறிக்கும். அமிலம் பட்ட கான்கிரீட் நுரைக்க வேண்டும். நுரைக்காத இடத்தில் பிசுக்கோ பழைய பெயிண்டோ மிச்சமிருக்கிறது. கடைசியில் சோடா ஆஷ் கரைசலால் அமிலத்தை முறித்து, நன்றாக அலசிவிட வேண்டும். விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பதும், தெளித்த நீர் உருண்டு நிற்காமல் உள்ளே இறங்குவதும் பரப்பு தயாரானதற்கு அடையாளங்கள்.

இரண்டாவது குறை, சேராத பெயிண்டுகளைச் சேர்ப்பதால் வருவது. எபாக்சியிலுள்ள வீரியமான கரைப்பான், அடியிலுள்ள ரப்பர் பெயிண்டை இளக்கிச் சுருட்டிவிடும். ஆகவே பழைய சில்லைக் கரைப்பானில் ஊறவைத்து வகையை அறிகிறார்கள்: ஆல்கஹாலில் கரைந்தால் அக்ரிலிக், அதில் கரையாமல் சைலீனில் இளகினால் குளோரினேற்றிய ரப்பர், இரண்டுக்கும் மசியாவிட்டால் பெரும்பாலும் எபாக்சி. ரப்பர் பெயிண்டின் மூலப்பொருளைத் தயாரிக்கப் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடு, மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் 1990 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. அந்தப் பெயிண்டைக் கைவிட்டு எபாக்சிக்கு மாறும் குளங்களில் பழையதை மணல் வீச்சால் முழுமையாக அகற்றுவதே பாதுகாப்பு.

மூன்றாவது, ஈரம். காய்ந்ததாகத் தோன்றும் கான்கிரீட்டுக்குள்ளும் ஈரம் இருக்கலாம். 18 அங்குலச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு எடுத்தால், அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மழைக்காலத்தில் குளத்தை வற்றவைப்பது வேறொரு ஆபத்து: நிலத்தடி நீர் உயர்ந்திருந்தால், உள்ளே எடையில்லாத தொட்டியை அது அப்படியே மேலே தூக்கிவிடக்கூடும்.

இவ்வளவு பாடு எதற்கு, கெட்டியாக ஒரு பூச்சு அடித்தால் எல்லாம் மறைந்துவிடாதா என்று கேட்பதுண்டு. கெட்டிப் பூச்சு கரைப்பானை உள்ளேயே அடைத்துவிடும். அது வெளியேறும்போது கொப்புளம் கிளம்பும். அமிலம் கான்கிரீட்டை அரிக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஒவ்வொரு முறையும் வீரியமாக ஊற்றினால் ஜல்லி வெளியே தெரியும். அங்கே உயர் அழுத்த நீர் கைகொடுக்கும். ஓடு பதிப்பது நீடித்த தீர்வுதான், ஆனால் பொருபொருத்த பூச்சின்மேல் பதித்த ஓடும் கழன்று விழும். கடைசிச் சிக்கனமும் பொறுமையில்தான் இருக்கிறது: எபாக்சி முழுமையாக இறுக, நல்ல வெயிலிலும் 5 முதல் 7 நாள் வேண்டும், அதன் பிறகே நீர் நிரப்பலாம். நிரப்பிய பின் அமில–காரக் குறியீட்டை 7.2 முதல் 7.8 வரை வைத்திருக்க வேண்டும். அது தாழ்ந்தே கிடந்தால், சரியாக ஒட்டிய பெயிண்டும் மாவாக உதிரத் தொடங்கும்.