கல் வட்டங்களும் கிராவல் குழிகளும்

செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் ஏரிக்கு மேலே உள்ள கரட்டு மேட்டில் நடந்து பாருங்கள். முட்புதருக்கு நடுவே பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாக நிற்கும். உள்ளே சிறு கற்கள் குவிந்து லேசாக மேடு தட்டியிருக்கும். ஆடு மேய்ப்பவரைக் கேட்டால், "அதுவா சார், பாண்டவர் குழி" என்பார். வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய இடமாம்! உண்மையில் அவை இரும்புக் கால மக்களின் கல்லறைகள்.

நான் சரித்திரம் படித்தவனல்ல. 2010-ல் நம் கல்லூரியில் சிவில் முடித்து, சாலைப் பணியில் காலம் தள்ளுபவன். ஆனால் அந்தக் கற்குவைக்கு அடியில் இருப்பதைத் தெரிந்துகொண்டபோது தொழில்முறையிலேயே அசந்து போனேன். சில ஊர்களில், குழி தோண்டி, நான்கு பலகைக் கற்களை ஒன்றின் விளிம்பை அடுத்தது தாங்கும்படி நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றியுள்ள மண் எவ்வளவு நெருக்கினாலும் உள்பக்கம் சாயாது. நாம் 'எர்த் பிரஷர்' என்று தலையைப் பிய்த்துக்கொண்டு படித்த விஷயம் அவர்களுக்குக் கைப்பழக்கமாகவே இருந்திருக்கிறது! மேலே மூடுகல். ஒரு பலகையில் வட்டமாக இடுதுளை. வேறு சில ஊர்களில் கல் அறைக்குப் பதில், கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை. மதுராந்தகம் அருகே சானூரில் 1950-லும் 1952-லும் மத்திய தொல்லியல் துறை தோண்டியபோது அப்படிப்பட்ட பேழைகள் கிடைத்தன. தெற்கே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் தாழிகள். அந்த ஈமக்காடு மட்டும் 114 ஏக்கர்.

இவை இவ்வளவு காலம் எப்படித் தப்பின? அந்த மக்கள் நன்செய் நிலத்தில் பிணத்தைப் புதைக்கவில்லை. உழவுக்கு ஆகாத பாறை மேட்டையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார்கள். ஏர் அங்கே ஏறவில்லை, கல்லறை பிழைத்தது. இன்று அதே காரணம்தான் அவற்றுக்கு எமன். வருவாய்க் கணக்கில் அந்த மேடு 'தரிசு', 'கல்லாங்குத்து', 'புறம்போக்கு'. குவாரிக்கும் கிராவலுக்கும் மனைப்பிரிவுக்கும் இடம் தேடுகிறவர்களின் விரல் வரைபடத்தில் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஒரு பணியில் கிராவல் எடுக்க அப்படியொரு மேட்டை ஒதுக்கியிருந்தார்கள். நான் போனபோது ஜேசிபி ஒரு மூலையைச் சுத்தம் செய்து முடித்திருந்தது. மண்ணில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள். மிச்சமிருந்த வட்டங்களை டோட்டல் ஸ்டேஷன் வைத்துக் குறித்தோம், பதினொன்று வந்தது. வரைபடத்தைப் பிரித்தால் கிணறு இருக்கிறது, மின்கம்பம் இருக்கிறது, ஒற்றைப் பனைமரம்கூட இருக்கிறது. வட்டங்களைக் காணோம்! அளந்தவர் பார்க்காமலா இருந்திருப்பார்? எங்கள் குறியீட்டுப் பட்டியலில் அதற்கொரு குறி இல்லை, அவ்வளவுதான். குழியின் எல்லையைத் தள்ளிப்போட மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து. "செத்தவனுக்கா சார் இவ்வளவு?" என்றார் லாரிக்காரர்.

சட்டம் இல்லாமலில்லை. 1958-ன் மத்தியச் சட்டமும் 1966-ன் மாநிலச் சட்டமும் உள்ளன. 2010-ல் வந்த திருத்தத்தின்படி மத்திய அரசு பாதுகாக்கும் இடத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆனால் இதெல்லாம் பட்டியலில் ஏறிய இடத்துக்குத்தான். பெயரே இல்லாத மேட்டுக்கு எந்தப் பலகை வைப்பது?

தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல் சுமார் 3,200 ஆண்டுப் பழமையானது என்று 2021-ல் அறிவித்தார்கள். ஒரு கைப்பிடி உமி! தாழி கலையாமல் கிடந்ததால்தான் அதன் வயதைச் சொல்ல முடிந்தது. அந்தப் பரம்பை ஒரு லாரி லோடாக அள்ளியிருந்தால்?

சர்வே கேம்ப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வட்டத்தைப் பார்த்தால் கல்லைப் புரட்டாதீர்கள், ஓட்டைப் பொறுக்கிப் பையில் போடாதீர்கள். மையத்தில் ஒரு ரீடிங், விட்டம் எத்தனை மீட்டர், சர்வே எண், ஒரு போட்டோ. அதை வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் தபாலில் அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.