முத்துப்பட்டன் கதை: அமைப்பும் பொருளும்

மும்பைத் தாராவியின் தோல் தொழிலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலே திருநெல்வேலித் தமிழர் பலர் ஈடுபட்டு வந்துள்ளனர். அவர்தம் பூர்விகச் சீமையின் வில்லுப்பாட்டு மரபில், செருப்புத் தைத்தலையே திருப்புமுனையாகக் கொண்ட கதைப்பாடல் ஒன்று உண்டு. நா. வானமாமலை பதிப்பித்து, 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட முத்துப்பட்டன் கதையே அது.

பிராமணனாகிய முத்துப்பட்டன், சக்கிலியரான வாலப்பகடையின் மகளிர் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விழைகிறான். தந்தையின் நிபந்தனைக்கு இணங்கிக் குடுமியைக் களைகிறான், பூணூலை அறுக்கிறான், செருப்புத் தைத்துக்கொண்டு வருகிறான். மணந்தபின் மாமனாரின் ஆநிரையைக் கள்வரிடமிருந்து மீட்கும் போரில் மடிகிறான். மனைவியர் தீப்பாய்கின்றனர்.

இம்மகளிர் உண்மையில் பிராமணக் குழந்தைகளே, காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்களே எனக் கூறும் வடிவமும் வழங்குகிறது. இது சாதிமரபைக் காக்கும் பொருட்டுப் பின்னர் நுழைக்கப்பட்டது என வானமாமலை கருதினார். கதையின் அமைப்பே இதற்குச் சான்று பகர்கிறது. குடுமி, பூணூல், செருப்பு என மூன்று செயல்களும் ஒன்றினொன்று மிகுந்து செல்கின்றன. முதலிரண்டும் இழத்தல், மூன்றாவது ஏற்றல். மகளிர் பிறப்பால் பிராமணரெனின் இவ்வரிசை முழுவதும் பொருளற்றுப் போகும். அன்றியும், அப்பிறப்புச் செய்தியை நீக்கினாலும் பின்வரும் போரும் சாவும் எவ்வகையிலும் குறைவுறா. வில்லுப்பாட்டில் தெய்வமாக்கத்துக்கு அடிப்படையாவது சாவேயன்றிப் பிறப்பன்று. ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் ஆய்வும் (1988) சாவுக்கதைகளின் இம்முதன்மையை விளக்குகிறது. பாபநாசத்தை அடுத்த காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக வழிபடப்பெறும் இவனுக்கு அடியார் செலுத்தும் காணிக்கை செருப்பே. பூணூல் அன்று!

தாராவியில் தமிழரோடு அருகருகே தொழில் செய்துவந்த மராத்தியரை நினைந்து இதனை மராத்தியில் பெயர்க்கப் புகுவார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. மராத்தியில் தோல் பதனிடுவோர் தோர், செருப்புத் தைப்போர் சாம்பார் என இரு சாதியினர். தமிழ்ச் 'சக்கிலியர்' என்னும் சொல்லோ இவ்விரு தொழிலையும் தழுவியது. சாம்பார் என்று மட்டும் பெயர்த்தால், இறந்த மாட்டின் தோலை உரித்துப் பதனிடும் தொழில் மறைந்துவிடும். பட்டன் ஏற்ற இழிவின் கனமும் அதனோடு குறையும். இயற்பெயர்களையும் மாற்றலாகாது. பகடை என்பது அச்சாதியினரின் பட்டப்பெயர். பொம்மக்கா, திம்மக்கா என்பன தெலுங்கு மரபுப் பெயர்கள். பிறப்பு இரகசியத்தைப் புகுத்தியவர்கள்கூட இப்பெயர்களை மாற்றவில்லை.